நேயா வைத்த மிச்சம்

இன்னும் ஒரே ஒரு வாய். காக்காவுக்கு ஒரு வாய் ஆயிற்று, எதிர்வீட்டு மாடியில் காயும் போர்வைக்கு ஒரு வாய் ஆயிற்று, தெருமுனையில் நிற்கும் தண்ணீர் லாரிக்கு இரண்டு வாய் ஆயிற்று, இனி யார் பெயரைச் சொல்லி இந்தப் பிள்ளையின் வாயைத் திறக்க வைப்பது என்று ரெஜினா கிண்ணமும் ஸ்பூனுமாகப் பால்கனியைச் சுற்றிப் பார்த்தாள். சாயங்காலம் மணி ஆறு பத்து. கிண்ணத்தில் சத்துமாவுக் கஞ்சி பாதிக்கு மேல் இருந்தது, மேலே ஆடை கட்டத் தொடங்கியிருந்தது, இரண்டரை வயது நேயா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டே வாயிலிருந்ததை முழுங்காமல் கன்னத்தில் ஒதுக்கி வைத்திருந்தாள். ஓரமாக வழிந்ததை விரலால் வழித்துத் தன் வாயில் போட்டுக்கொண்டு, முழுங்கு கண்ணு, முழுங்கு என்றாள் ரெஜினா, அப்படிச் சொல்லும்போதே இடதுபக்கம் விலாவுக்குக் கீழே அந்த முறுக்கல் ஆரம்பித்தது, ஈரத் துணியின் ஒரு முனையைப் பிடித்து யாரோ நிதானமாகப் பிழிவதுபோல. இன்றைக்குமா. இன்று நாற்பத்திரண்டாம் நாள், இன்றைக்காவது சும்மா இருக்கக் கூடாதா. ஆறு வாரம் என்றால் நாற்பத்திரண்டு நாள், அதற்கு மேல் இல்லை, நாளைக் காலை பத்து மணிக்கு டயட்டீஷியன் தேன்மொழி மேடத்தின் அறையில் அந்தச் சாம்பல் நிற நாற்காலியில் உட்கார்ந்து சாப்பாட்டு நோட்டை நீட்டியாக வேண்டும், அவர் பக்கங்களைப் புரட்டுவார், கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொள்வார், பிறகு சொல்வார். என்ன சொல்வார் என்பது முதல் நாளே சொல்லியாயிற்று. "ஆறு வாரம் சுத்தமா இருந்து பாருங்க ரெஜினா. அப்பவும் ஒண்ணும் மாறலைன்னா இது சாப்பாட்டு விஷயம் இல்லை, வேற என்னன்னு பாக்கணும்." அந்த 'வேற' என்ற சொல்லை அவர் எவ்வளவு லேசாகச் சொன்னார், குடையை மறந்து வைத்துவிட்டுப் போகிறவர்களைப் போல. நாற்பத்திரண்டு நாளும் அந்தச் சொல் ரெஜினாவோடுதான் படுத்து எழுந்தது.

குழாய் விட்டுப் பார்த்தாயிற்று, ரத்தம் எடுத்தாயிற்று, எல்லாம் நார்மல் என்றுதான் குடல் டாக்டர் சொன்னார், எட்டு மாதத்துக்கு முன்னால், நேயாவுக்கு அப்போது இரண்டு வயதுகூட ஆகவில்லை. புண் இல்லை, கட்டி இல்லை, குடல் சண்டித்தனம் பண்ணுகிறது, அவ்வளவுதான் என்று சொல்லி இரிட்டபிள் பவல் சிண்ட்ரோம், சுருக்கமாக ஐ.பி.எஸ்., என்று எழுதிக் கொடுத்தார். நம்ம குடும்பத்துலயும் ஒரு ஐ.பி.எஸ். வந்தாச்சு, சல்யூட் அடிங்கப்பா என்று ஜெரால்டு அன்றைக்கு ஆட்டோவில் வரும்போது சொன்னான், அவளும் சிரித்தாள், சிரித்த கையோடு தில்லைநகரில் எந்தக் கடையில் கழிப்பறை இருக்கிறது என்று கண் தேட ஆரம்பித்தது. துணிக்கடையில் மூன்றாவது மாடி. ஐஸ்கிரீம் கடையில் உண்டு, ஏதாவது வாங்கினால்தான் சாவி. கோயிலுக்குப் போனால் பின்பெஞ்சு, கல்யாணத்துக்குப் போனால் வாசல் ஓரம், இந்தத் திருச்சி முழுவதையும் அவள் அந்த ஒரு கணக்கில்தான் இப்போது தெரிந்து வைத்திருக்கிறாள். சும்மா இருக்கிற குடல் ஏன் இப்படிப் பண்ணும் என்று கேட்டதற்கு, சில பேருக்குச் சில சாப்பாடு ஒத்துக்காது, டயட்டீஷியனைப் பாருங்க என்றார் டாக்டர். தேன்மொழி மேடம் ஒரு தாள் கொடுத்தார், இடப்பக்கம் கூடாதவை, வலப்பக்கம் கூடியவை, இடப்பக்கம்தான் நீளம். பால் கூடாது, தயிர் கூடாது, கோதுமை மைதா கூடாது, பருப்பு பயறு பட்டாணி கூடாது, வெங்காயம் பெரிசும் சிறிசும் கூடாது, பூண்டு கூடவே கூடாது, ஆப்பிள் மாம்பழம் முந்திரி காலிஃபிளவர் எதுவும் கூடாது. சின்ன வெங்காயமும் பூண்டும் இல்லாமல் குழம்பு என்ற ஒன்றை எப்படி வைப்பது. அதற்கும் வழி சொன்னார், பூண்டை எண்ணெயில் போட்டு மணம் இறங்கியதும் பூண்டை எடுத்து எறிந்துவிட வேண்டுமாம், எண்ணெய் மட்டும் ஒன்றும் செய்யாதாம். எறிந்தாள். பெருங்காய டப்பாவில் கோதுமை மாவு கலந்திருக்கிறது என்று பொடி எழுத்தில் போட்டிருந்ததைப் பத்தாம் நாள் படித்துவிட்டு டப்பாவையே தூக்கி எறிந்தாள், எறிந்துவிட்டு, ஒன்பது நாள் ரசத்தில் போட்டேனே என்று உட்கார்ந்து அழுதாள். உன் வயிறு நமக்கு இன்னொரு மாமியார்டி, எதைப் பண்ணி வச்சாலும் ஒரு குறை என்றான் ஜெரால்டு. சோறு, முட்டை, கேரட், வெள்ளரிக்காய், உருளைக்கிழங்கு, பாசிமணி கோத்த மாதிரி அதையே மாற்றி மாற்றி. ஐம்பத்து நான்கு கிலோ இருந்தவள் நாற்பத்தேழுக்கு வந்தாயிற்று, ஜாக்கெட் எல்லாம் தோளில் நிற்க மாட்டேன் என்கிறது, இருந்தும் மதியம் மூன்று மணிக்கு ஒரு தடவை, ராத்திரி எட்டு மணிக்கு ஒரு தடவை, மணியடித்த மாதிரி. என்னதான் வேண்டும் உனக்கு என்று குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு வயிற்றைப் பார்த்தே கேட்டிருக்கிறாள். இன்னும் எதை நிறுத்த. சோற்றை நிறுத்தவா. தண்ணீரை நிறுத்தவா.

வாயைத் திற தங்கம், போர்வைக்கு இன்னொரு வாய். திறக்க மாட்டாள். ஆடை படிந்த ஸ்பூனை நேயா முகத்தைத் திருப்பித் தள்ளிவிட்டாள், அதைக் கீழே கொட்டாமல் சட்டென்று வாயில் வாங்கிக்கொண்டு ரெஜினா மறுபடி கலக்கினாள். இதைப் போய் எப்படி வேண்டாம் என்கிறது பிள்ளை, முந்திரி, பாதாம், கோதுமை, பொட்டுக்கடலை, பச்சைப்பயறு எல்லாம் தனித்தனியாக வறுத்து அரைத்தது, பாலும் கருப்பட்டியும் விட்டுக் காய்ச்சியது, ஏலக்காய் வேறு. திண்டுக்கல் ஹாஸ்டலில் இது கிடைத்திருந்தால் சண்டை போட்டிருப்பார்கள். அங்கே புதன்கிழமை கோதுமை ரவை உப்புமா, சாப்பாட்டு மண்டபத்துக்கு வெளியே கை கழுவும் தொட்டி, தொட்டிக்கு முன்னால் சிஸ்டர் பெர்னதெத், நின்ற இடத்தில் நிற்பார், ஒவ்வொரு பிள்ளையும் தட்டைச் சாய்த்துக் காட்டிவிட்டுத்தான் போக வேண்டும். ஒரு கவளம் ஒட்டிக்கொண்டிருந்தாலும், ஃபினிஷ் இட் சைல்ட் என்பார், சத்தம்கூடப் போட மாட்டார், அந்த மெதுவான குரல்தான் பயம். போதும் சிஸ்டர் என்று ஆறாம் வகுப்பில் ரெஜினா ஒரே ஒரு நாள் சொன்னாள். மண்டபத்தில் எல்லா விளக்கையும் அணைத்து ஒரு விளக்கை மட்டும் விட்டார்கள், ஜெபமாலை முடியும்வரை அவளும் அந்த உப்புமாவும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் தின்றாள். அதற்குப் பிறகு அந்தச் சொல்லை அவள் யாரிடமும் சொன்னதில்லை, பந்தியில் பரிமாறுகிறவனிடம்கூடக் கையை மட்டும் காட்டுவாள். வயிறு சரியில்லை என்பதையும் அங்கே யாரும் சொல்ல மாட்டார்கள், மூன்று விரலைத் தூக்கிக் காட்ட வேண்டும், படிப்பு நேரத்தில் அதுவும் கிடையாது, அடக்கு என்றால் அடக்க வேண்டும். குடல் டாக்டர் ஏழு படம் போட்ட அட்டையை நீட்டி, எது மாதிரி போகுது என்று கேட்டபோது, முப்பது வயதுப் பொம்பளை, ஒரு பிள்ளை பெற்றவள், நாக்கு எழும்பாமல் ஐந்தாவது படத்தில் விரலை வைத்தாள், அ ஃபார் அம்மா காட்டும் நேயாவைப் போல. ராத்திரி படுக்குமுன் அன்றைய பாவங்களை யோசித்துப் பார்க்க வேண்டும், அதுவும் ஹாஸ்டல் பழக்கம்தான், முழங்காலில் நின்று காலையிலிருந்து ஒவ்வொன்றாக. இந்த நோட்டையும் அப்படித்தான் எழுதுகிறாள், நேயா தூங்கிய பிறகு, அடுப்படி மேடையில் நின்றுகொண்டே, கோணாத கான்வென்ட் எழுத்தில். காலை எட்டரை, இரண்டு முட்டை, சோறு. மதியம் ஒன்றரை, சோறு, கேரட் பொரியல், பூண்டில்லா மிளகு ரசம். இரவு எட்டு, சோறு, உருளைக்கிழங்கு. வயிறு, மோசம். வயிறு, மோசம். வயிறு, மிக மோசம். எல்லாம் உண்மை, ஒரு எழுத்துப் பொய் கிடையாது. பொய்யே எழுதாதவளுக்கு ஏன் இந்தத் தண்டனை.

ஒரு எழுத்து பொய் கிடையாது, ஒரு எழுத்து மறைத்தது உண்டு. பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது, இருபது. அந்த நான்கு நாளும் வயிறு என்ற இடத்தில் நன்று என்று எழுதியிருக்கிறாள். நான்கு நாளும் முறுக்கல் இல்லை, உப்பல் இல்லை, பதினெட்டாம் நாள் ராத்திரி தனக்கு வயிறு என்று ஒன்று இருப்பதையே மறந்துபோய் மொட்டை மாடியில் நின்றிருக்கிறாள். நடுவில் ஒரு தடவை போனபோது தேன்மொழி மேடம் அந்த இடத்தில் விரலை வைத்து, இங்க என்னம்மா பண்ணீங்க, அதைக் கண்டுபிடிச்சா போதுமே என்று கேட்டார். சாப்பாட்டில் ஒரு வித்தியாசமும் இல்லை, அதே சோறு, அதே முட்டை. நல்லா தூங்குனேன் மேடம் என்றாள். நல்லாத் தூங்கியது ஏன் என்று சொல்லவில்லை. அந்த நான்கு நாளும் நேயா மணப்பாறையில், கோயில் திருவிழாவுக்கு மாமியார் கூட்டிக்கொண்டு போயிருந்தார். பிள்ளை வீட்டில் இல்லாத நான்கே நாள்தான் அவள் நன்றாக இருந்தாள். இதை எங்கே போய்ச் சொல்வது. டென்ஷனும் ஒரு காரணம் என்று டாக்டர் சொன்னபோது தலையாட்டினாளே, அந்த டென்ஷனுக்கு ஒரு பெயர் உண்டு, அது இரண்டரை வயது, அது இப்போது இந்த நாற்காலியில் உட்கார்ந்து காலை ஆட்டுகிறது. பெற்ற பிள்ளை ஒத்துக்கொள்ளாத வயிறு என்று ஒன்று இருக்குமா, கூடாதவை பட்டியலில் கடைசி வரியாக இவள் பெயரை எழுத முடியுமா. ஜெரால்டிடம் சொல்லவில்லை, பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடமும் சொல்லவில்லை, போன ஞாயிறு முழங்காலில் இருந்து, கோபப்படுகிறேன் ஃபாதர் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள். அது ஒரு பக்கம் இருக்க, டென்ஷனும் இல்லை சாப்பாடும் இல்லை என்றால், அப்போது ஸ்டெல்லா சித்தி. வேண்டாம், சாயங்கால நேரத்தில் சித்தியை நினைக்க வேண்டாம். சித்திக்கும் முதலில் கேஸ் என்றுதான் சொன்னார்கள், ஓமத் தண்ணீர், பெருங்காயம், மோர், ஒவ்வொரு வாரமும் ஒரு காரணம் கண்டுபிடித்தாள், நேத்து பலாப்பழம் தின்னேன் அதான் என்பாள், பழைய எண்ணெய் அதான் என்பாள். பதினொரு மாதம். சவப்பெட்டியை மூடும்போது அவள் மகனுக்கு நான்கு வயது, யாரோ இடுப்பில் வைத்திருந்தார்கள், கையில் ஒரு குச்சி மிட்டாய், அதை அவன் அம்மாவுக்கு நீட்டினான்.

போன் அடித்தது. ஜெரால்டுதான், துறையூர் பேங்க்கிலிருந்து கிளம்பிவிட்டான், பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த சத்தம் கேட்டது. போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, இனி இவள் தின்னப் போவதில்லை என்று தெரிந்ததும் ஸ்பூனால் கிண்ணத்தைச் சுற்றி வழித்துக்கொண்டே அவன் சொல்வதைக் கேட்டாள். நாளைக்கு லீவு சொல்லிவிட்டானாம், அவனே கூட வருகிறானாம், ஸ்கேன் ஏதாவது எழுதிக் கொடுத்தால் நாளைக்கே எடுத்துவிடலாமாம், எதுவானாலும் பார்த்துக்கலாம் ரெஜி என்று சொல்லும்போது அவன் குரல் கொஞ்சம் இறங்கியது. அவனும் அந்தச் சொல்லோடுதான் படுத்து எழுகிறான் போல, அவள்தான் கவனிக்கவில்லை. அவள் ம் ம் என்றாள்.

"ஏதாச்சும் சாப்பிட்டியா?"

"இல்லைங்க. மத்தியானத்துக்கு அப்புறம் ஒண்ணும் சாப்பிடலை. பயமா இருக்கு, இன்னைக்கு ஒரு நாளாவது சும்மா இருக்கட்டும்னு."

"பின்ன வாயில என்ன? கொழகொழன்னு பேசுற."

"அதுவா, நேயா வச்ச மிச்சம்."

சரி சரி, ஸ்டாண்டில் இறங்கிக் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டான். அவள் போனைக் கம்பி மேல் வைத்தாள். நாக்கில் கருப்பட்டி இனித்தது, ஏலக்காய்த் தோல் ஒன்று பல்லில் மாட்டியது, அதை நாக்கால் துழாவிக்கொண்டிருந்தபோதுதான், தான் சொன்னதைத் தானே கேட்டாள். ஒண்ணும் சாப்பிடலை. அதுவா, மிச்சம். ஒன்றும் சாப்பிடாதவள் வாயில் பால், கோதுமை, பொட்டுக்கடலை, பச்சைப்பயறு, முந்திரி, இடப்பக்கப் பட்டியல்தான், வரிசைகூட மாறாமல். ஸ்பூனைப் பார்த்தாள். கிண்ணத்தைப் பார்த்தாள். இன்றைக்குத்தான் என்று நினைக்கப் பார்த்தாள், நினைக்க விடாமல் நேற்று வந்தது, முந்தாநாள் வந்தது. காலையில் பால் டம்ளரில் அடியில் இரண்டு வாய் நிற்கும், எங்கே போகும் அது. பதினோரு மணிக்கு நறுக்கிக் கொடுக்கிற ஆப்பிளில் பாதி கறுத்துப்போய்த் தட்டில் கிடக்கும், எங்கே போகும். ஒரு மணிக்குத் தயிர்சாதம் பிசைந்து ஊட்டினால் கடைசி மூன்று உருண்டை, நாலு மணிக்கு நனைத்துக் கீழே விழாமல் பிடித்த பிஸ்கட் துண்டு, ஆறு மணிக்குக் கஞ்சி, எப்போதும் பாதிக் கிண்ணம். ஒன்றையாவது கொட்டியதாக ஞாபகம் இல்லை. ஒன்றையாவது எழுதியதாகவும் ஞாபகம் இல்லை. ராத்திரி அடுப்படியில் நின்று காலையிலிருந்து ஒவ்வொன்றாக யோசிக்கும்போது அவை நினைவுக்கே வரவில்லை, ஏனென்றால் தட்டு வைத்து உட்கார்ந்து தின்றால்தானே சாப்பாடு, இது வீணாகாமல் பார்ப்பது, இது பாத்திரம் கழுவுவதில் ஒரு பகுதி. நாற்பத்திரண்டு நாள். பெருங்காய டப்பாவைத் தூக்கி எறிந்துவிட்டு அழுதாளே, அழுத கண்ணைத் துடைத்துக்கொண்டு அன்று சாயங்காலம் என்ன செய்தாள், இதைத்தான் வழித்துத் தின்றாள். நாத்தனார் மகள் கல்யாணத்தில் குருமா வாசனைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு வெறும் சோற்றைத் தின்றுவிட்டு, மடியில் இருந்த நேயா கடித்து வைத்த பூரியை, ஐயோ, அந்தப் பூரியை. மூன்று மணிக்கு ஒரு தடவை, எட்டு மணிக்கு ஒரு தடவை, மணியடித்த மாதிரி. மணியை அடித்தது யார். கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியாத கோபம், தேன்மொழி மேடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், பிள்ளை வைத்த மிச்சத்தை என்னம்மா பண்ணுவீங்க என்று, அவருக்கும் பிள்ளை இருக்கும்தானே, அவர் என்ன பண்ணுவாராம். ஏழு கிலோ இறங்கியது இதற்கா. ஆறு வாரம் நாக்கைக் கட்டியது இதற்கா. நாளை பத்து மணிக்கு என்னவென்று சொல்வது, மேடம் நான் ஒரு நாள்கூட உங்கள் டயட்டில் இருக்கவே இல்லை என்றா.

இருக்கவே இல்லை. நான்கு நாள் இருந்தாள். பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது, இருபது, மிச்சம் வைக்க வீட்டில் ஆள் இல்லை. அவ்வளவுதானா அது. அப்போது நீ இல்லையா கண்ணு, உன் மிச்சம்தானா. அவள் நேயாவைப் பார்த்தாள், மூன்று வாரமாக அவள் நேராகப் பார்க்கக் கூசிய அந்த முகம், மூக்கின் மேல் காய்ந்த கஞ்சிப் பொட்டோடு, காக்கா போன திசையைப் பார்த்துக்கொண்டிருந்தது. சிரிப்பு வந்தது, வந்த வேகத்தில் நின்றது, ஏனென்றால் சித்தியும் இப்படித்தான் சொன்னாள், பலாப்பழம் அதான், பழைய எண்ணெய் அதான், ஒவ்வொன்றையும் கண்டுபிடித்த நிமிஷத்தில் சித்திக்கும் முகம் இப்படித்தான் மலர்ந்திருக்கும். இதுவும் அப்படி ஒரு காரணமாக இருந்தால். இல்லை, நான்கு நாள் இருக்கிறது, எழுத்தில் இருக்கிறது, நோட்டில் இருக்கிறது. நான்கு நாள் போதுமா. தெரியாது, மறுபடி முதல் நாளிலிருந்து இருந்து பார்த்தால்தான் தெரியும், மறுபடி ஆறு வாரம், மறுபடி கேரட். வயிற்றில் துணி இன்னொரு சுற்றுப் பிழியப்பட்டது, எட்டு மணிக்கு இருக்கிறது இன்றைக்கு, அதைத் தடுக்க முடியாது, போனது போனதுதான். கிண்ணத்தில் மீதி நான்கு ஸ்பூன் இருக்கும். தொட்டியில் கொட்டிவிடலாம், மூன்று எட்டு நடந்தால் அடுப்படி, குழாயைத் திறந்தால் போயிற்று. கை நகரவில்லை. முந்திரி கிலோ என்ன விலை என்று தோன்றியது, பாவம் என்று தோன்றியது, கை கழுவும் தொட்டிக்கு முன்னால் அந்த வெள்ளை அங்கி, தட்டைச் சாய்த்துக் காட்டு. சிஸ்டர் செத்துப் பத்து வருஷம் இருக்கும். அவள் கீழே உட்கார்ந்து கிண்ணத்தைத் தரையில் வைத்தாள், ஏதோ சூடாக இருப்பதைப் போல.

நேயா நாற்காலியிலிருந்து வழுக்கி இறங்கினாள், கிண்ணத்தின் முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்தாள், ஸ்பூனை முஷ்டியில் பிடித்து அடியோடு ஒரு வழி வழித்து, பாதியைத் தன் கவுனில் விட்டுக்கொண்டு மீதியை மேலே தூக்கினாள், நேராக ரெஜினாவின் வாய்க்கு. தினமும் இந்த விளையாட்டு உண்டு, கடைசி ஸ்பூன் அம்மாவுக்கு, அம்மா வாங்கிக்கொண்டதும் கை தட்டுவாள். "ம்மா, ஆ." ரெஜினா உதட்டைத் திறக்கவில்லை. நேயாவுக்கு அது புதுசு, ஒரு நிமிஷம் புருவத்தைச் சுருக்கிப் பார்த்தாள், பிறகு குரலை மாற்றிக்கொண்டு, அம்மாவின் குரலிலேயே, அதே இழுப்போடு, "காக்காக்கு ஒரு வாய். லாரிக்கு ஒரு வாய்" என்றாள். ஸ்பூன் நடுங்கியது, ஓரத்தில் ஒரு சொட்டு திரண்டு நின்றது, அந்தச் சின்னக் கை, அதை மறுப்பதா, நீட்டிய கையை மறுப்பதா, யாரோ இடுப்பில் வைத்திருந்தார்கள், ஒரு குச்சி மிட்டாய். ரெஜினாவின் வாய் தானாகத் திறந்தது. திறந்த வாயிலிருந்து காற்றுத்தான் முதலில் வந்தது, பிறகு, இருபது வருஷமாகச் சொல்லாததால் தன்னுடையதா என்று அவளுக்கே சந்தேகமான ஒரு குரலில், "போதும் கண்ணு" என்றாள். "அம்மாவுக்குப் போதும்."

நேயா அழவில்லை. அந்தச் சொல் அவளுக்குத் தெரிந்த சொல், ஒரு நாளைக்கு இருபது தடவை அவள் சொல்கிற சொல். சரி என்பதுபோலத் தலையை ஆட்டிவிட்டு ஸ்பூனைக் கிண்ணத்தில் போட்டாள், பிறகு கிண்ணத்தை இரண்டு கையாலும் தூக்கி, காலியாயிற்றா என்று காட்டுகிறவளைப் போல அம்மாவின் பக்கம் சாய்த்தாள். கஞ்சி விளிம்பைத் தாண்டி மெதுவாக இறங்கியது, தரையில் விழுந்து, டைல்ஸ் கோடு வரைக்கும் பரவி நின்றது. துணி எடுக்க வேண்டும், எறும்பு வருமுன் துடைக்க வேண்டும். ரெஜினா எழவில்லை. வழிக்கப் போன விரலை மடக்கிக் கைக்குள் வைத்துக்கொண்டு, உதட்டை இறுக மூடிக்கொண்டு, அது அங்கேயே கிடப்பதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.